பெயர் ஒன்று, பொருள் வேறு

கடையில் பொருள் வாங்குவோர் அதனை ஆராய்ந்து பார்த்து வாங்குவது அரிது. பெயரைச் சொல்லிக் கேட்டே வாங்குகின்றனர். தானியத்தையும் பருப்பையும் கையில் அள்ளிப் பார்க்கலாம். காய்கறியை அழுத்தியும் முகர்ந்தும் தரம் அறியலாம். தகரத்திலோ, காகிதப் பெட்டியிலோ, ஒட்டிய உறையிலோ அடைத்து விற்கப்படும் உணவுப் பண்டத்தை அவ்வாறு அறிய வழியில்லை. உள்ளே இருப்பது இன்னது என்பதற்கு வாங்குவோர் கையில் உள்ள முதற்சான்று, மேலே அச்சிட்ட பெயரேயாகும். எழுத்தறியாதவருக்கோ, பிறர் வாயிலாகக் கேட்டறிந்த பெயரே முழுச் சான்றாகிவிடுகிறது.

கலப்படத்தைப் பற்றி மக்கள் ஓரளவு அறிவர். பாலில் நீர் கலப்பதும், மிளகில் பப்பாளி விதை கலப்பதும் எல்லாரும் கேள்வியுற்றவை. தவறான பெயரால் விளையும் கேடு அத்தகையதன்று. பண்டம் தூய்மையாகவே இருக்கலாம். உடல் நலமுள்ளவர் அதனை உட்கொண்டால் உடனடியாகத் தீங்கு ஏதும் நேராமலும் இருக்கலாம். ஆனால் அது தாங்கியுள்ள பெயர் வேறொரு பொருளுக்கு உரியது. அப்பெயரை நம்பி, அந்த வேறு பொருள் செய்யவேண்டிய வேலைக்கு இதனைப் பயன்படுத்தும்போதே தீங்கு விளைகிறது. இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று, அண்மைக்காலத்தில் நம் நாட்டில், வயிற்றுப்போக்கால் வருந்தும் குழந்தைகளுக்கு அளிக்கும் கரைசலின் பெயரைப் பற்றி நிகழ்ந்தது.

சட்டம் கூறுவது

உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நம் நாட்டில் 1954-இல் இயற்றப்பட்டு, 1955-இல் நடைமுறைக்கு வந்தது. பண்டத்தில் கலப்படம் செய்வதை மட்டுமன்றி, ஒன்றை மற்றொன்றின் பெயரால் விற்பதையும் அச்சட்டம் குற்றமாகக் கருதியது. அதன் இடத்தை இன்று 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பெற்றுள்ளது. பொய்யான அல்லது திசைதிருப்பும் விவரங்களுடன் விற்கப்படும் பண்டமும், வேறொரு பண்டத்தின் பெயரால் விற்கப்படும் பண்டமும் இச்சட்டத்தின்படி தவறான பெயரிடப்பட்ட பண்டங்களாகும். இக்குற்றத்திற்கு 3 இலட்சம் ரூபாய் வரையிலும், மக்களைத் தவறாக எண்ணச் செய்யும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம்.

அடைத்து விற்கப்படும் பண்டத்தின் உறையில் இருவகைப் பெயர்களைக் காணலாம். ஒன்று வணிகப் பெயர். இது உற்பத்தியாளர் தம் சரக்கிற்கு விரும்பிச் சூட்டுவது. மற்றொன்று பண்டத்தின் பெயர். இது உள்ளே இருக்கும் பொருள் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் கூறுவது. முன்னது பெரிய எழுத்திலும் கண்ணைக் கவரும் வண்ணத்திலும் அமையும். பின்னது பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும். குழப்பம் தோன்றுவது இவ்விரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளியிலேயாகும்.

வனஸ்பதி தந்த பழைய பாடம்

தவறான பெயரை எவ்வாறு எதிர்கொள்வது என்பதற்கு வனஸ்பதியின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. தாவர எண்ணெயினுள் நிக்கலை வினையூக்கியாகக் கொண்டு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், எண்ணெய் உறைந்து நெய்யைப் போன்ற தோற்றத்தைப் பெறும். இவ்வாறு செய்யப்பட்ட கொழுப்பு, வட இந்தியாவில் 'வனஸ்பதி நெய்' என்ற பெயராலேயே பரவலாக வழங்கிற்று. நெய் என்பது பாலிலிருந்து கிடைக்கும் கொழுப்பு. வனஸ்பதியிலோ பாலின் பங்கு சிறிதும் இல்லை. பெயர் ஒன்றாக இருந்தமையால், ஒன்றின் விலைக்கு மற்றொன்றை விற்பதும், ஒன்றில் மற்றொன்றைக் கலப்பதும் எளிதாயின.

இதனைத் தடுக்க அரசினர் மேற்கொண்ட வழி அறிவியல் முறைப்பட்டதாகும். வனஸ்பதி ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடனும் ஃபர்ஃபுராலுடனும் சேர்ந்து குலுக்கப்படும்போது செந்நிறம் தரும். நெய் என்று விற்கப்பட்ட பொருளில் வனஸ்பதி கலந்திருந்தால், ஆய்வுக்கூடத்தில் அமிலப் பகுதி சிவந்து அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயர் மறைத்ததை நிறம் வெளிப்படுத்தியது.

எல்லாப் பண்டங்களுக்கும் இத்தகைய அடையாளத்தைப் புகுத்த இயலாது. நீரில் கரைந்த சர்க்கரையும் உப்பும் எவ்விகிதத்தில் உள்ளன என்பதைக் கண்ணாலோ நாவாலோ அளந்தறிய முடியாது. அங்கே பெயரையும், உறையில் அச்சிட்ட எண்களையுமே நம்பவேண்டியுள்ளது.

வயிற்றுப்போக்கில் நிகழ்வது என்ன?

வயிற்றுப்போக்கால் உலகில் ஆண்டுதோறும் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இம்மரணங்கள் பலவற்றுக்கு நேரடிக் காரணம் நோய்க்கிருமியன்று. உடலினின்றும் நீரும் உப்புகளும் வெளியேறிவிடுவதேயாகும். இழந்த நீரையும் உப்புகளையும் உடனுக்குடன் ஈடுசெய்தால் குழந்தை பிழைக்கும்.

வெறும் நீரைக் கொடுத்தால் போதாதோ என்ற ஐயம் எழலாம். நோயுற்ற குடல் வெறும் நீரை வேண்டிய அளவு உறிஞ்சிக்கொள்வதில்லை. மேலும், இழந்த சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புச் சத்துகளும் வெறும் நீரால் ஈடாவதில்லை. குடலின் உட்சுவரில் உள்ள புரத அமைப்பு ஒன்று, சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒருசேரப் பற்றி உயிரணுவினுள் கொண்டுசெல்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்புகுகிறது. இவ்விணைப்பை இராபர்ட் கிரேன் என்ற அறிஞர் 1960-இல் எடுத்துரைத்தார். வாந்திபேதி போன்ற கடுமையான நோயிலும் இவ்வமைப்புப் பெரும்பாலும் பழுதுறாமல் வேலை செய்கிறது என்பதே இதிலுள்ள நன்மை. கதவு திறந்தே இருக்கிறது. அதற்குரிய திறவுகோல் உப்பும் குளுக்கோஸும் தக்க விகிதத்தில் அமைந்த கரைசல்.

'தக்க விகிதத்தில்' என்னும் சொற்களே இங்கு முக்கியமானவை. சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் பயன் மாறிவிடும். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்வது சவ்வூடு பரவலின் இயல்பு. குடலினுள் இருக்கும் கரைசல் இரத்தத்தைவிடச் செறிவு மிக்கதாயின், நீர் குடலிலிருந்து உடலுக்குள் செல்வதற்கு மாறாக, உடலிலிருந்து குடலுக்குள் இறங்கும். நீரிழப்பைத் தடுக்கக் கொடுத்த பானமே நீரிழப்பை மிகுவிக்கும்.

கரைசல் உருவான வரலாறு

இக்கரைசலின் வரலாற்றில் கல்கத்தா நகருக்குச் சிறப்பான இடம் உண்டு. அங்கு வாந்திபேதி நோயாளிகளுக்கு வாய்வழியாகவே உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்துக் குணப்படுத்தியதை ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர் 1953-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். வாந்திபேதிக் கிருமி வெளிவிடும் நச்சுப் பொருளே குடலில் நீரைச் சுரக்கச் செய்கிறது என்பதைச் சம்பு நாத் தே 1959-இல் அதே நகரில் செய்த ஆய்வால் நிறுவினார்.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்திற்குள் வந்தனர். எல்லையோர ஊரான பங்காவ்னில் இருந்த முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பின் வழியே ஏற்றுவதற்குரிய உப்புநீர் கையிருப்பில் தீர்ந்துகொண்டிருந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை அளந்து உறைகளில் அடைத்து, நீரில் கரைத்து, நோயாளியின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் அளவில் இருந்த மரணம், இம்முறையால் நூற்றுக்கு 4 பேருக்கும் கீழாகக் குறைந்தது. மருத்துவப் பயிற்சி இல்லாதவர் கையாலும் உயிரைக் காக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் நிறுவனமும் 1975 முதல் இக்கரைசலுக்கு ஒரே விதி வகுத்துப் பரப்பின. 2002-இல் அவ்விதி திருத்தப்பட்டு, கரைசலின் செறிவு 311 அலகிலிருந்து 245 அலகாகக் குறைக்கப்பட்டது. இவ்வளவு நுட்பமாக அளந்து அமைக்கப்பட்ட பொருளுக்கே ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் உரியது. வாய்வழி நீரேற்ற உப்புகள் என்பது அதன் பொருள்.

இப்பெயரை நாடெங்கும் பரப்பியவர்கள் களப்பணியாளரே. தாய்மார் பலருக்கு அதன் வேதியியல் தெரியாது. அதிலுள்ள உப்புகளின் பெயர்கள் தெரியா. 'குழந்தைக்கு வயிறு போனால் ஓ.ஆர்.எஸ். கொடு' என்று செவிலியரும், ஆஷா பணியாளரும், அங்கன்வாடிப் பணியாளரும் பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லி, மூன்று எழுத்துகளை உயிர்காக்கும் சொல்லாக்கினர். அச்சொல்லின் மதிப்பு முழுவதும் மக்கள் அதன்மீது வைத்த நம்பிக்கையில் அடங்கியிருந்தது.

பெயர் இடம் மாறியது எவ்வாறு?

இந்நம்பிக்கையை வணிகம் விரைவில் கண்டுகொண்டது. பழச்சுவை ஊட்டிய இனிப்புப் பானங்கள், கவர்ச்சியான காகிதப் பெட்டிகளில், ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துகளை வணிகப் பெயரின் முன்னோ பின்னோ இணைத்துக்கொண்டு விற்பனைக்கு வந்தன. அவை குளிர்பானக் கடையில் மட்டும் விற்கப்படவில்லை. மருந்துக் கடைகளிலும் அடுக்கி வைக்கப்பட்டன. ஓ.ஆர்.எஸ். கேட்டு வந்த தாய்க்கு, உப்புத் தூள் உறைக்குப் பதிலாக ஒரு பானப் பெட்டி கிடைத்தது. இனிப்பாக இருந்தமையால் குழந்தையும் விரும்பிக் குடித்தது. தாய் தன் கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணினாள்.

இதனை எதிர்த்து ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் விடாது முயன்றார். நீதிமன்றத்தையும் நாடினார். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022 ஜூலை 14-ஆம் நாள் வெளியிட்ட ஆணையிலும், 2024 பிப்ரவரி 2-ஆம் நாள் வெளியிட்ட ஆணையிலும், வணிகப் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ள இடம் தந்திருந்தது. ஆனால் 'இப்பண்டம் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அன்று' என்ற குறிப்பு உறையில் இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

பெயரில் ஒன்றைக் கூறி, குறிப்பில் அதனை மறுப்பது பயன் தராது என்பது விரைவில் தெளிவாயிற்று. பெயரைக் காதால் கேட்டு வாங்குவோர் குறிப்பைப் படிப்பதில்லை. பலருக்கு அக்குறிப்பு எழுதப்பட்ட மொழியே தெரியாது. நோயுற்ற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடை வாயிலில் நிற்கும் தாய்க்குச் சிறிய எழுத்தைத் தேடிப் படிக்கும் பொழுதும் இல்லை.

2025 அக்டோபர் 14-ஆம் நாள் ஆணையம் முன்னர் அளித்த அனுமதிகள் இரண்டையும் நீக்கியது. மறுநாள் வெளியிட்ட விளக்கத்தில், பழப் பானமாயினும், வாயு ஏற்றாத பானமாயினும், அப்படியே அருந்தத்தக்க வேறு பானமாயினும், அதன் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துகளை முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ சேர்ப்பதும் சட்டமீறலாகும் என்று கூறியது. அவ்வாறான பெயர் உடைய பண்டம் தவறான பெயரிடப்பட்டதாகவும், மக்களைத் தவறாக எண்ணச் செய்வதாகவும் கருதப்படும். இதனை எதிர்த்து உற்பத்தியாளர் தரப்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், பொதுமக்கள் நலத்தைக் கருதித் தில்லி உயர் நீதிமன்றம் அம்மாத இறுதியில் ஆணையில் தலையிட மறுத்தது. நவம்பரில், அத்தகைய சரக்குகளைக் கடைகளிலிருந்து அகற்றுமாறு மாநிலங்கள் அறிவுறுத்தப்பட்டன.

ஆணை பிறந்துவிட்டது. எனினும், பல ஆண்டுகளாக மக்கள் மனத்தில் பதிந்த படம் ஓர் ஆணையால் உடனே மறைந்துவிடாது. பெயர் மாறினாலும் பெட்டியின் வண்ணமும் சுவையும் மாறாதிருந்தால், பழைய பழக்கம் தொடரக்கூடும். இங்கேதான் களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யவேண்டிய பணி உள்ளது.

எண்களைக் கொண்டு ஒப்பிடல்

உண்மையான கரைசலின் அளவுகளை நினைவில் வைப்பது கடினமன்று. ஒரு லிட்டர் நீரில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம் ஆக மொத்தம் 20.5 கிராம் பொருள் கரைந்திருக்கும். பானப் பெட்டிகளில் சத்துகளின் அளவு பெரும்பாலும் 100 மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்று அச்சிடப்படுவதால், உண்மையான கரைசலையும் அவ்வாறே கணக்கிட்டுப் பார்த்தல் நலம். அதன்படி 100 மில்லிலிட்டரில் குளுக்கோஸ் 1.35 கிராமும், சோடியம் ஏறத்தாழ 170 மில்லிகிராமும், பொட்டாசியம் ஏறத்தாழ 78 மில்லிகிராமும் இருக்கும்.

கடைகளில் விற்கும் சாதாரண இனிப்புப் பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருப்பது வழக்கம். அஃதாவது, கரைசலில் இருக்கவேண்டிய குளுக்கோஸைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். இச்சர்க்கரை கரும்புச் சர்க்கரையாயின் அதன் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 290 அலகு. குடலில் அதன் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரியும்போது செறிவு 580 அலகை எட்டும். இரத்தத்தின் செறிவோ 290 அலகை ஒட்டியது. உண்மையான கரைசலின் செறிவு அதனினும் குறைந்த 245 அலகு. நீர் எத்திசையில் செல்லும் என்பதை இவ்வெண்களே கூறிவிடுகின்றன.

சர்க்கரை மிகுதியோடு குறை முடிவதில்லை. இழந்த உப்புச் சத்து ஈடாகாமல் இரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்துவிட்டால், குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் நேரலாம். உடல் நலமுள்ள சிறுவன் விளையாட்டிற்குப் பின் அருந்தும்போது வெறும் இனிப்புப் பானமாக இருக்கும் அதே பொருள், வயிற்றுப்போக்கால் வாடிய கைக்குழந்தைக்குக் கேடாக முடிவது இவ்வாறே.

களப்பணியாளர் கவனத்திற்கு

வீடுகளுக்குச் செல்லும் பணியாளர், 'ஓ.ஆர்.எஸ். கொடுத்தீர்களா?' என்று மட்டும் கேட்டு, 'ஆம்' என்ற விடையைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வது போதாது. 'எதைக் கொடுத்தீர்கள்? அதன் உறையைக் காட்டுங்கள்' என்று கேட்கவேண்டும். உறையைக் கண்டால் உண்மை விளங்கும்.

உண்மையான ஓ.ஆர்.எஸ். ஒரு மருந்து. அதன் உறையில் இந்திய மருந்து நூலைக் குறிக்கும் 'ஐ.பி.' என்ற எழுத்துகளும், மருந்து உற்பத்தி உரிம எண்ணும், உப்புகளின் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது தூளாகவே கிடைக்கும்; அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவும் வழங்கப்படுகிறது. உணவுப் பண்டமாக விற்கப்படும் பானத்தில் உணவு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் காணப்படும். இவ்வேறுபாட்டை ஒருமுறை நேரில் காட்டிவிட்டால், எழுத்தறியாத தாயும் முத்திரையைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்வாள்.

கரைசலைத் தயாரிக்கும் முறையையும் செய்து காட்டவேண்டும். உறையில் ஒரு லிட்டருக்கு என்று இருந்தால், தூள் முழுவதையும் ஒரு லிட்டர் தூய குடிநீரில் ஒரேயடியாகக் கரைத்தல் வேண்டும். பாதித் தூளைப் பாதி நீரில் கண் அளவாகக் கரைப்பதும், சுவைக்காகச் சர்க்கரை சேர்ப்பதும், பாலிலோ பழச்சாற்றிலோ கரைப்பதும் தவறு. 200 மில்லிலிட்டருக்கு உரிய சிறிய உறைகளும் கிடைப்பதால், நீரின் அளவை ஒவ்வொரு முறையும் உறையில் பார்த்துக்கொள்ளவேண்டும். கரைத்ததை மூடி வைத்து 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தவேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு முறை வயிறு போன பின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரையிலும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் வரையிலும் சிறிது சிறிதாகப் புகட்டலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மெதுவாக மீண்டும் கொடுக்கலாம். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக்கூடாது. இதனுடன் துத்தநாக மாத்திரையும் 14 நாள் தரப்படவேண்டும்: 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 6 மாதம் முதல் 5 வயது வரை 20 மில்லிகிராம். குழந்தை குடிக்க இயலாமல் சோர்ந்து கிடந்தாலும், கண்கள் குழிவிழுந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வழக்கப் பெயரும் ஏமாற்றும் பெயரும்

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு அனைத்தும் குற்றம் என்று கொள்ளலாகாது. தேங்காய்ப்பாலில் பசுவின் பால் இல்லை என்பதை அறியாதார் இல்லை. நிலக்கடலை வெண்ணெயைத் தயிர் கடைந்து எடுத்தது என்று எவரும் எண்ணுவதில்லை. நெடுங்கால வழக்கால் இப்பெயர்கள் தெளிவான பொருளைப் பெற்றுவிட்டன. தாவரப் பானங்களைப் 'பால்' என்று பெயரிட்டு விற்கலாகாது என ஆணையம் 2021-இல் அறிவுறுத்தியபோதும், இத்தகைய வழக்கப் பெயர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அளவுகோல் இதுவே: பெயரைக் கேட்டவர் எதை எதிர்பார்ப்பார்? அவ்வெதிர்பார்ப்பிற்கு ஏற்ப அவர் செய்யும் செயலுக்கு இப்பொருள் உதவுமா?

இவ்வளவுகோலைக் கொண்டு வேறு சில பெயர்களையும் ஆராயலாம். பனிக்கூழ் என்பது பாலின் கொழுப்பால் ஆனது. தாவர எண்ணெய் சேர்த்து அதேபோல் உறையவைத்த பண்டம் 'உறைந்த இனிப்பு' என்ற வேறு பெயரால் விற்கப்பட வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் ஒரே வடிவில் அடுக்கப்படுவதால், பெயரைப் படியாதவர் வேறுபாடு அறியார். பழச்சாற்றை வற்றச் செய்து, பின்னர் நீர் சேர்த்து மீண்டும் சாறாக்கி விற்கும் பண்டத்தில் 'நூறு விழுக்காடு பழச்சாறு' என்ற தொடரைப் பயன்படுத்தலாகாது என்று 2024 ஜூன் மாதத்தில் ஆணையம் கூறியது. ஒரு கிலோகிராமுக்கு 15 கிராமுக்கு மேல் இனிப்புச் சேர்க்கப்பட்டால், அதனை 'இனிப்பூட்டிய சாறு' என்றே குறிப்பிடவேண்டும்.

'ஆரோக்கிய பானம்' என்ற பெயரும் இவ்வகையினதே. சட்டத்தில் அப்படியொரு வகை வரையறுக்கப்படவில்லை. மால்ட், தானிய மாவு, சர்க்கரை முதலியவை சேர்ந்த பானத் தூள்களை அப்பெயரின்கீழ் வகைப்படுத்தலாகாது என்று 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அத்தூளைப் பாலில் கலந்து கொடுக்கும் பெற்றோர், குழந்தைக்கு ஊட்டம் தருவதாக எண்ணி, பல வேளைகளில் சர்க்கரையையே மிகுதியாகத் தருகின்றனர்.

பள்ளியில் செய்யத்தக்கது

ஆசிரியர்கள் இப்பாடத்தைச் செலவின்றி நடத்தலாம். மாணவரை வீட்டிலிருந்து வெற்று உறைகளையும் பெட்டிகளையும் கொண்டுவரச் சொல்லவேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று விவரங்களை ஏட்டில் எழுதச் செய்யலாம். முதலாவது, பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயர். இரண்டாவது, சிறிய எழுத்தில் உள்ள பண்டத்தின் பெயர். மூன்றாவது, சேர்மானப் பட்டியலின் முதல் மூன்று பொருள்கள். சேர்மானங்கள் எடை மிகுதியாக உள்ளதை முதலாகக் கொண்டு வரிசைப்படுத்தப்பட வேண்டும் என்பது விதி. ஆதலால் பழத்தின் பெயரைத் தாங்கிய பெட்டியில் முதலில் நீரும், அடுத்துச் சர்க்கரையும், அதன்பின் பழச்சாறும் வருமாயின், அது எத்தகைய பானம் என்பதை மாணவரே கூறிவிடுவர்.

பின்னர்ச் சிறிய கணக்கு ஒன்றைத் தரலாம். 100 மில்லிலிட்டருக்கு 11 கிராம் சர்க்கரை உள்ள பானம் 200 மில்லிலிட்டர் பெட்டியில் இருந்தால், மொத்தச் சர்க்கரை எவ்வளவு? 22 கிராம். அவ்வளவு சர்க்கரையைத் தராசில் நிறுத்துக் கண்ணாடிக் குவளையில் இட்டு வகுப்பில் வைக்கவேண்டும். அதனருகே, 200 மில்லிலிட்டர் உண்மையான கரைசலில் அடங்கும் குளுக்கோஸான 2.7 கிராமையும் வைக்கவேண்டும். இவ்விரு குவளைகளையும் அருகருகே கண்ட மாணவன், வீட்டிற்குச் சென்று தன் தாயிடம் சொல்லாமல் இரான்.

மேல்வகுப்பு மாணவருக்குச் சவ்வூடு பரவலையும் இப்பாடத்துடன் இணைத்துக் கற்பிக்கலாம். உருளைக்கிழங்குத் துண்டுகளில் ஒன்றை வெறும் நீரிலும், மற்றொன்றைச் செறிந்த சர்க்கரைக் கரைசலிலும் சில மணி நேரம் இட்டு வைத்தால், முன்னது விறைப்பாகவும் பின்னது தளர்ந்தும் காணப்படும். கிழங்கிலிருந்து நீர் வெளியேறியமையே தளர்ச்சிக்குக் காரணம். குழந்தையின் குடலில் மிகுந்த இனிப்புப் பானம் செய்வதும் இதனை ஒத்ததே என்று விளக்கினால், பாடநூலில் உள்ள சோதனை வாழ்க்கைக்குப் பயன்படும் அறிவாக மாறும்.

உணவுப் பண்டத்தின் பெயரைக் காப்பது சட்டத்தின் கடமை, ஆய்வாளரின் கடமை, உற்பத்தியாளரின் கடமையும்கூட. ஆயினும், கடை வாயிலில் நிற்கும் தாய்க்கு அவ்வேளையில் துணை நிற்பது, அவள் முன்னரே கேட்டறிந்த சொல்லேயாகும். 'ஓ.ஆர்.எஸ். வாங்கு' என்று இதுகாறும் கற்பித்தோர், இனி 'சுகாதார நிலையத்தில் தரும் உப்புத் தூள் உறையை வாங்கு. ஒரு லிட்டர் நீரில் கரை' என்று பெயரோடு பொருளையும் சேர்த்துக் கற்பிப்பாராயின், எந்தப் பெட்டியில் எந்தப் பெயர் அச்சிடப்பட்டாலும் அவள் ஏமாறமாட்டாள்.